மெய்நிகர் இயந்திரமும் கொள்கலனும்: தமிழ் மின்வளப் பாதுகாப்பு நோக்கில் சில அடிப்படை வினாக்கள்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் மின்னூலகங்கள், அகராதித் தரவுத்தளங்கள், சொல்லடைவுகள் போன்றவற்றை இணையத்தில் வழங்கும் வழங்கிகள் இன்று பெரும்பாலும் மெய்நிகர் இயந்திரம், கொள்கலன் என்னும் இரு தொழில்நுட்ப வடிவங்களில் இயங்குகின்றன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதும், இவற்றுள் எதில் இட்டுவைத்தாலும் தரவு அழியாது எனக் கருதுவதும் எளிதில் நேரக்கூடிய மயக்கங்கள். இரண்டிற்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு இயங்குதளத்தின் உட்கரு பகிரப்படுகிறதா, தனித்திருக்கிறதா என்பதே. ஒரு தமிழ் மின்வளத்தில் எதைக் காக்க இயலும், எதைக் காக்க இயலாது என்பதை அவ்வேறுபாடே வரையறுக்கிறது. இதனைத் தமிழாய்வாளரிடையே எழும் வினாக்களின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகராக்கம், மெய்நிகர் இயந்திரம், கொள்கலன், உட்கரு, குறியாக்கம், ஒருங்குறி, மின்வளப் பாதுகாப்பு

முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகர் உற்பத்தித் தொழிலால் வளர்ந்த நிலப்பகுதி. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது, 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது, 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. கடைசல் பட்டறைகளும் வார்ப்புக் கூடங்களும் நிறைந்த அதே அம்பத்தூரில் அண்மை ஆண்டுகளில் வேறொரு வகைக் கட்டடங்கள் எழுந்துள்ளன. 2023-இல் என்.டி.டி. நிறுவனத்தின் தரவு மையமும் 2024-இல் டிஜிட்டல் கனெக்சன் நிறுவனத்தின் தரவு மையமும் அங்குச் செயல்பாட்டிற்கு வந்தன. சென்னைக் கடற்கரையில் கரையேறும் கடலடி வடங்கள், தொழிற்பேட்டைக்கென அமைந்த மின் கட்டமைப்பு, தமிழ்நாடு அரசு 2021-இல் வெளியிட்ட தரவு மையக் கொள்கை ஆகியவை இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றன.

'மேகம்' என்னும் உருவகத்தால் வழங்கப்படும் கணினிச் சேவை உண்மையில் இத்தகைய கட்டடங்களுக்குள், குளிரூட்டப்பட்ட அறைகளில் அடுக்கப்பட்ட இரும்புப் பெட்டிகளில்தான் நிகழ்கிறது. எனினும், ஒரு தமிழ்த்துறை தன் சொல்லடைவை இணையத்தில் ஏற்ற விழையும்போது அத்துறைக்கு ஒரு முழுப்பெட்டி வழங்கப்படுவதில்லை. ஒரு மெய்நிகர் இயந்திரமோ சில கொள்கலன்களோதான் வழங்கப்படுகின்றன. அவ்வாறு பெறுவது எத்தகைய பொருள், அது எதைக் காக்கும் என்னும் தெளிவின்றி மேற்கொள்ளப்படும் மின்வளத் திட்டங்கள், நிதியாண்டு முடிந்தபின் நிலைப்பது அரிது. எனவே இவ்வினாக்கள் கணினித் துறைக்கு மட்டும் உரியன அல்ல. மின்வழிப் பதிப்பில் ஈடுபடும் தமிழாய்வாளருக்கும் உரியன.

1. கலைச்சொற்கள் உணர்த்துவன யாவை?

ஆங்கிலத்தில் 'விர்ச்சுவல்' எனப்படும் அடைமொழி தமிழில் ஒரே நிலையில் வழங்கவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஆங்கிலப் பெயரில் இடம்பெறும் இச்சொல், தமிழ்ப் பெயரில் 'இணைய' என அமைந்தது. அங்கு அது நேரில் கூடாமல் இணையவழிப் பயிலுதலைக் குறித்தது. இயந்திரத்தைக் குறிக்குமிடத்து 'இணைய' என்பது பொருந்தாது. மெய்நிகர் இயந்திரம் இணையத் தொடர்பே இல்லாத கணினியிலும் இயங்கும். 'மாய' என்பதும் பொருந்தாது. மாயம் இல்லாததை இருப்பதாகக் காட்டும், இவ்வியந்திரமோ உண்மையாகவே கணக்கிடும். 'மெய்நிகர்' என்பது மெய்யன்று, ஆயினும் மெய்க்கு நிகரானது எனப் பொருள்படும். இப்பொருத்தம் அடுத்த பகுதியில் மேலும் தெளிவாகும்.

'கொள்கலன்' என்பது சரக்குப் பெட்டகத்தின் பெயரிலிருந்து உருவகமாகப் பெறப்பட்டது. 'கலம்' என்பதே 'கலன்' என நிற்பது கடைப்போலி. கலம் என்னும் சொல் பாத்திரத்தையும் மரக்கலத்தையும் ஒருங்கே குறிக்கும் தமிழ் வழக்கு, கப்பற் சரக்குப் பெட்டகத்தில் பிறந்த இக்கலைச்சொல்லுக்குத் தற்செயலாக அமைந்த பொருத்தமாகும்.

'செயலி' என்னும் சொல்லில் மட்டும் இடர்ப்பாடு உண்டு. அது கணினியின் கணக்கிடும் சில்லையும் கைப்பேசியில் நிறுவப்படும் மென்பொருளையும் குறித்து இருவேறு பொருளில் வழங்குகிறது. இக்கட்டுரையில் அது முதற்பொருளிலேயே ஆளப்படுகிறது. இயங்குதளத்தின் மையப்பகுதியாகிய 'கெர்னல்' இங்கு 'உட்கரு' எனப்படுகிறது. நினைவகம், வட்டு, செயலி ஆகிய வன்பொருள்களை ஆள்வதும், எந்த மென்பொருளுக்கு எவ்வளவு பங்கு என்பதை முடிவுசெய்வதும் உட்கருவின் தொழில்.

2. மெய்நிகர் இயந்திரம் என்பது யாது?

ஒரு மெய்க்கணினியின் வளங்களைப் பகுத்து, ஒவ்வொரு பகுதியும் தனிக்கணினி போல் இயங்குமாறு அமைப்பது மெய்நிகராக்கம். அவ்வாறு அமைந்த ஒவ்வொன்றும் ஒரு மெய்நிகர் இயந்திரம். அதற்கெனச் செயலி, நினைவகம், வட்டு, வலையமைப்பு அட்டை ஆகியன இருப்பதாக அதனுள் நிறுவப்படும் இயங்குதளம் கொள்கிறது. உண்மையில் அதன் வட்டு என்பது மெய்க்கணினியில் உள்ள ஒரு பெருங்கோப்பாக இருக்கலாம். அதன் வலையமைப்பு அட்டை ஒரு நிரலாக இருக்கலாம்.

இவ்வேற்பாட்டை நடத்தும் மென்பொருள் 'ஹைப்பர்வைசர்' எனப்படுகிறது. முற்காலத்தில் இயங்குதளத்தின் ஆளும் பகுதி 'சூப்பர்வைசர்', அதாவது மேற்பார்வையாளர், எனப்பட்டது. பல மேற்பார்வையாளர்களையும் மேற்பார்வையிடுவதால் இது அதனினும் உயர்ந்த முன்னொட்டைப் பெற்றது.

இக்கருத்து புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் 1960-களில் உருவான ஆய்வு முறைமைகளிலிருந்து வளர்ந்து, 1972-இல் வி.எம்./370 என்னும் பெயரில் இது விற்பனைக்கு வந்தது. 1974-இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் ஆகிய இருவரும் இதற்குரிய இலக்கணத்தை வகுத்தனர். மெய்யான கணினியில் ஒரு நிரல் எவ்வாறு இயங்குமோ அவ்வாறே மெய்நிகர் இயந்திரத்திலும் இயங்க வேண்டும். வளங்கள் முழுதும் மேலாளும் மென்பொருளின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி மெய்ச்செயலியிலேயே நேரடியாக நிறைவேற வேண்டும் என்பன அவர்கள் கூறிய மூன்று பண்புகள். இவற்றுள் முதலாவது பண்பே 'நிகர்' என்னும் தமிழ்ச்சொல் உணர்த்துவது.

மேசைக்கணினிகளில் பரவிய எக்ஸ்86 வகைச் செயலிகள் நெடுங்காலம் இவ்விலக்கணத்திற்கு முழுமையாக உட்படவில்லை. அவற்றின் கட்டளைகளுள் சில, மேலாளும் மென்பொருள் அறியாமலே வேறு விளைவைத் தந்துவிடும். 1999-இல் வி.எம்.வேர் நிறுவனம் அக்கட்டளைகளை ஓடும்போதே மாற்றியெழுதும் உத்தியால் இத்தடையைக் கடந்தது. 2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஜென்', இயங்குதளத்தையே சிறிது திருத்தும் வழியை மேற்கொண்டது. 2005, 2006 ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் செயலியிலேயே மெய்நிகராக்கத்திற்கான வசதியைச் சேர்த்தன. 2007-இல் லினக்ஸ் உட்கருவில் கே.வி.எம். இணைந்தது. மேகக்கணிமைத் தொழில் இவ்வடித்தளத்தின் மீதே எழுந்தது.

3. கொள்கலன் என்பது யாது?

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் பூந்தமல்லியை அடுத்து விரையும் சரக்குப் பெட்டக லாரிகள் இவ்வுருவகத்தின் மூலப்பொருளைக் காட்டும். 1956-இல் அமெரிக்காவின் நூவர்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 பெட்டகங்களுடன் புறப்பட்டது இம்முறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் 1983-இல் அமைந்தது. உள்ளிருப்பது துணியோ இயந்திர உதிரியோ, பெட்டகத்தின் அளவும் பிடிமுனையும் ஒன்றே. ஆதலின் எந்தப் பாரந்தூக்கியும் அதைத் தூக்கும், எந்த லாரியும் அதைச் சுமக்கும்.

மென்பொருள் கொள்கலனின் நோக்கமும் அதுவே. ஒரு நிரலும், அது சார்ந்திருக்கும் நூலகக் கோப்புகளும், அமைப்புக் கோப்புகளும் ஒரே படிமமாகக் கட்டப்படுகின்றன. அப்படிமத்தை எந்த வழங்கிக்குக் கொண்டுசென்றாலும் அது ஒரே முறையில் இயங்கும்.

ஆனால் உருவகம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. சரக்குப் பெட்டகத்திற்கு எஃகுச் சுவர் உண்டு. மென்பொருள் கொள்கலனுக்கு அத்தகைய சுவர் இல்லை. கொள்கலனுக்குள் ஓடுவது அவ்வழங்கியின் இயங்குதளத்தில் ஓடும் ஓர் இயல்பான நிரலே. அந்நிரல் பிறவற்றைக் காணாதவாறு உட்கரு மறைக்கிறது. அளவுக்கு மீறி நினைவகத்தையும் செயலியையும் கொள்ளாதவாறு தடுக்கிறது. மறைத்தலும் அளவிடுதலும் ஆகிய இவ்விரு விதிகளே கொள்கலனின் சுவர்.

இதன் வரலாறும் படிப்படியானது. 1979-இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஒரு நிரலின் கோப்புலகைச் சுருக்கும் கட்டளை அறிமுகமானது. 2000-இல் ஃப்ரீ பி.எஸ்.டி. இயங்குதளம் 'சிறை' என்னும் பொருள்படும் பெயரால் அதனை விரிவாக்கியது. கூகுள் பொறியாளர்கள் 2006-இல் தொடங்கிய வள அளவீட்டு முறை 2008-இல் லினக்ஸ் உட்கருவில் சேர்ந்தது. 2013-இல் வெளிவந்த 'டாக்கர்', படிமத்தைக் கட்டுவதையும் பகிர்வதையும் எளிதாக்கிக் கொள்கலனைப் பரவலாக்கியது. பல கொள்கலன்களை ஒருங்கே இயக்கும் 'குபெர்னெட்டீஸ்' 2014-இல் அறிவிக்கப்பட்டது; அது கப்பலின் மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

4. இரண்டிற்கும் அடிப்படை வேறுபாடு யாது?

மெய்நிகர் இயந்திரம் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி உட்கருவைக் கொண்டது. ஒரே வழங்கியில் உள்ள கொள்கலன்கள் அனைத்தும் அவ்வழங்கியின் ஒரே உட்கருவைப் பகிர்ந்துகொள்கின்றன. பிற வேறுபாடுகள் இதிலிருந்து கிளைப்பனவே.

தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதிகளில் காணப்படும் இருவகைக் குடியிருப்புகளைக் கொண்டு இதனை விளக்கலாம். ஒரே மனையில் நான்கு தனி வீடுகள் எழுப்பப்பட்டு, ஒவ்வொன்றும் தனி ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் கழிவுநீர்த் தொட்டியும் கொண்டிருப்பின், நிலம் ஒன்றாயினும் வாழ்வு வேறு. இது மெய்நிகர் இயந்திரத்திற்கு ஒப்பு. அதே மனையில் பத்து வரிசை வீடுகள் அமைந்து, கதவும் பூட்டும் தனியாயினும் கிணறும் மோட்டாரும் பொதுவாயின், அது கொள்கலனுக்கு ஒப்பு. பின்னதில் செலவு குறைவு. புதியவர் குடியேறுவதும் விரைவு. ஆனால் பொது மோட்டார் பழுதாயின் பத்து வீட்டுக்கும் தண்ணீர் இல்லை.

இவ்வொப்புமையின்படியே, மெய்நிகர் இயந்திரத்தின் படிமம் முழு இயங்குதளத்தையும் சுமப்பதால் பெரும்பாலும் பல கிகாபைட் அளவுடையது. அது தன் இயங்குதளத்தைத் தொடக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும். கொள்கலனின் படிமம் சில மெகாபைட் அளவிலும் அமையக்கூடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் உட்கருவில் ஒரு நிரலைத் தொடங்குவதேயாதலின் அது நொடிப்பொழுதில் எழும்.

இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. தரவு மையங்களில் மெய்நிகர் இயந்திரங்களுக்குள்ளேயே கொள்கலன்கள் இயங்குவது பெருவழக்கு. விண்டோஸ் அல்லது மேக் கணினியில் லினக்ஸ் கொள்கலனை இயக்கும்போதும், பயனர் அறியாமலே ஒரு சிறு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரம் அடியில் ஓடுகிறது.

5. பழைய தமிழ் மென்பொருளைக் கொள்கலனில் இட்டுக் காக்க இயலுமா?

தமிழ் மின்வளங்களுக்கு இவ்வினாவே தலையாயது. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் உரைகள் பல குறியாக்கங்களில் உள்ளிடப்பட்டன. பாமினி வகை எழுத்துருக்கள், திஸ்கி, 1999-ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் ஆகியன அவற்றுட் சில. 2010-இல் அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் உருவான ஆய்வேடுகளும் அகராதிக் கோப்புகளும் இன்றும் பழைய வட்டுகளில் உள்ளன.

பாமினியில் 'தமிழ்' என்னும் சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே நிற்கிறது. எழுத்துரு அக்குறிகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டுகிறது. எழுத்துரு நீங்கின் தமிழும் நீங்கும். எனவே அக்கோப்பின் பொருள் கோப்பில் மட்டும் இல்லை. கோப்பு, எழுத்துரு, அதைத் திறக்கும் மென்பொருள், அம்மென்பொருள் ஓடும் இயங்குதளம் ஆகியவற்றின் கூட்டில் இருக்கிறது.

இக்கூட்டினை முழுமையாகக் காக்கக் கொள்கலனால் இயலாது. விண்டோஸ் 98-இல் இயங்கிய ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு அவ்வியங்குதளத்தின் உட்கரு வேண்டும். லினக்ஸ் உட்கருவைப் பகிரும் கொள்கலனில் அது இல்லை. விண்டோஸ் கொள்கலன்களும் உள. ஆனால் அவை இக்கால விண்டோஸ் வழங்கியின் உட்கருவையே பகிர்வன. ஆகவே இங்கு மெய்நிகர் இயந்திரமே உரியது. அதனுள் பழைய இயங்குதளத்தை நிறுவி, எழுத்துருவையும் மென்பொருளையும் சேர்த்து, அன்று இருந்த நிலையிலேயே கோப்பைத் திறக்கலாம்.

இதற்கும் மூன்று வரம்புகள் உண்டு. முதலாவது, பழைய இயங்குதளத்திற்கும் உரிமம் தேவை. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டமையால் அதனை இணையத்தில் இணைக்கலாகாது. விண்டோஸ் 98-க்கு 2006-இலும் எக்ஸ்.பி.-க்கு 2014-இலும் அவை நின்றன. இரண்டாவது, அக்கால அச்சுக்கோப்பு மென்பொருள்கள் சில, கணினியின் பின்புறம் செருகப்படும் பூட்டுக் கருவி இருந்தால் மட்டுமே இயங்கின. அக்கருவி தொலைந்திருப்பின் மெய்நிகர் இயந்திரம் மட்டும் உதவாது. மூன்றாவது, மெய்நிகர் இயந்திரம் தன்னடியிலுள்ள மெய்ச்செயலியின் கட்டளை வகையையே ஏற்கிறது. எக்ஸ்86 கணினிக்கெனச் செய்த இயந்திரத்தை ஏ.ஆர்.எம். வகைச் செயலியுள்ள மடிக்கணினியில் அவ்வாறே ஓட்ட இயலாது. அங்கு ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து நிகழ்த்தும் 'எமுலேட்டர்' தேவை. க்யூ-எமு, டாஸ்பாக்ஸ் ஆகியன அவ்வகையின. அவற்றின் வேகம் குறைவு. ஆயினும் உரைக்கோப்பைத் திறக்க அது போதும்.

6. ஆய்வு முடிவுகளைச் சரிபார்க்க எது உதவும்?

இங்குக் கொள்கலனின் பயன் மிகுதி. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து எனக் கணினியை வினவுவதாகக் கொள்வோம். இலக்கண மரபுப்படி த, மி, ழ் என மூன்று. பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பில் நீளம் காணும் கட்டளை ஐந்து என விடை தரும். ஒருங்குறியில் இகரக் குறியும் புள்ளியும் தனிக் குறியீடுகளாதலின் அவையும் எண்ணப்படுகின்றன. அதே கட்டளை இரண்டாம் பதிப்பில், யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் அமைந்த இயல்பான சரத்திற்குப் பதினைந்து என விடை தரும். அங்கு எண்ணப்படுவது பைட்டுகள், ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டிற்கும் மூன்று பைட்டுகள்.

ஒரே நிரல், ஒரே சொல். சூழல் மாறின் விடை மாறுகிறது. சொல்நீளத்தையோ எழுத்து நிகழ்வெண்ணையோ அளவையாகக் கொண்டு ஓர் ஆய்வேடு முடிவுரைத்திருப்பின், அம்முடிவு எந்தச் சூழலில் பெறப்பட்டது என்பதும் சான்றின் பகுதியாகிறது. பைத்தான் இரண்டாம் பதிப்பிற்கான ஆதரவு 2020 தொடக்கத்தில் முடிவுற்றமையால், அதில் எழுதப்பட்ட தமிழ் நிரல்களைப் புதிய கணினியில் மீண்டும் ஓட்டுவது எளிதன்று.

அந்நிரலையும் அதற்குரிய மொழிப் பதிப்பையும் நூலகங்களையும் ஒரு கொள்கலன் படிமமாகக் கட்டி வைத்திருப்பின், பிறிதோர் ஆய்வாளர் அதே சூழலில் அதே கணக்கை நிகழ்த்திப் பார்க்கலாம். படிமம் எவ்வாறு கட்டப்பட்டது என்பதை வரிசையாக உரைக்கும் ஒரு சிறு உரைக்கோப்பும் உடன் இருக்கும். எந்தச் சுவடிகளை ஒப்பிட்டு எம்முறையில் பாடம் கொள்ளப்பட்டது எனப் பதிப்பாசிரியர் முன்னுரையில் உரைப்பதற்கு இது நிகரானது. ஆனால் அவ்வுரைக்கோப்பு 'அண்மைப் பதிப்பைக் கொள்க' என்று மட்டும் கூறுமாயின் பயனில்லை. நாளைய அண்மைப் பதிப்பு வேறாக இருக்கும். பதிப்பெண்ணைக் குறித்தல் இன்றியமையாதது.

7. இரண்டனுள் எது பாதுகாப்பு மிக்கது?

பொதுநோக்கில் மெய்நிகர் இயந்திரத்தின் அரண் வலியது. கொள்கலனிலிருந்து ஒருவர் உட்கருவின் பிழை வழியே வெளியேறின், அவ்வுட்கருவைப் பகிரும் கொள்கலன் அனைத்தும் அவர்முன் திறந்துவிடும். 2019-இல் கொள்கலன்களை இயக்கும் 'ரன்-சி' என்னும் கருவியில் கண்டறியப்பட்ட பிழை, உள்ளிருக்கும் தீய நிரல் வழங்கியையே கைப்பற்ற வழிதந்தது.

எனினும் மெய்நிகர் இயந்திரமும் முழு அரணன்று. 2015-இல் 'வெனம்' எனப் பெயரிடப்பட்ட பிழை, மெய்நிகர் இயந்திரத்திலிருந்து வெளியேற இடமளித்தது. அப்பிழை இருந்த இடம் கருதத்தக்கது. அது நெகிழ்வட்டு இயக்கியைப் போலச் செய்யும் பழைய நிரற்பகுதியில் இருந்தது. நெகிழ்வட்டு வழக்கொழிந்த பின்னரும் அதன் நிகர்வடிவம் இயந்திரத்தில் எஞ்சியிருந்தது. பயன்படுத்துவார் இன்றியும் அது வாயிலாயிற்று. பழமையைக் காத்தலுக்குப் பாதுகாப்பு நோக்கில் ஒரு விலை உண்டு என்பதை இது காட்டுகிறது.

8. மெய்நிகர் இயந்திரத்தில் இருப்பதே காப்புப்படி ஆகுமா?

ஆகாது. மெய்நிகர் இயந்திரம் எங்கோ ஒரு மெய்க்கணினியின் வட்டில் உள்ள கோப்பு. அவ்வட்டு பழுதாயின் அதுவும் பழுதாகும். குறித்த கணத்து நிலையைப் பதியும் 'ஸ்னாப்ஷாட்' வசதியும் பெரும்பாலும் அதே வட்டில், மூலக்கோப்பைச் சார்ந்தே நிற்பது. மூலம் அழியின் சார்பும் அழியும்.

கொள்கலனில் இவ்விடர் மேலும் கூர்மையானது. கொள்கலன் இயங்கும்போது அதனுள் எழுதப்படுவது படிமத்தில் சேர்வதில்லை. மேலே போர்த்திய ஒரு தற்காலிக அடுக்கில் சேர்கிறது. கொள்கலன் நீக்கப்படின் அவ்வடுக்கும் நீங்கும். புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய கொள்கலனை நீக்கிப் புதியதை இடுவதே இம்முறையின் இயல்பாதலின், சொல்லடைவில் சேர்த்த பதிவுகள் கொள்கலனுக்குள்ளேயே இருப்பின் அடுத்த மேம்பாட்டின்போது மறைந்துபோகும். தரவுத்தளத்தைக் கொள்கலனுக்கு வெளியே, நிலையான சேமிப்பிடத்தில் வைத்தல் வேண்டும்.

இடமும் கருதத்தக்கது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்து, சிறுதொழிற்கூடங்களின் இயந்திரங்கள் நீரில் மூழ்கின. தரவு மையங்கள் தளத்தை உயர்த்தியும் மாற்று மின்னாக்கிகளை நிறுவியும் இத்தகைய இடரை எதிர்நோக்கியே கட்டப்படுகின்றன. ஆயினும் ஒரு துறையின் தரவு முழுதும் ஒரே கட்டடத்தில் இருத்தல் தகாது. மூன்று படிகள், இருவகைச் சேமிப்பு ஊடகங்கள், அவற்றுள் ஒன்றேனும் வேறூரில் என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட நெறி.

9. தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்கன யாவை?

சுவடிப் பாதுகாப்பின் மரபு இங்கு வழிகாட்டும். ஓலையைப் பேணுதல் ஒரு பணி. அதிலுள்ளதைப் பெயர்த்தெழுதிப் பதிப்பித்தல் மற்றொரு பணி. அச்சுநூல் வந்துவிட்டது என்பதற்காக ஓலை எறியப்படுவதில்லை, பாடத்தில் ஐயம் எழின் மீண்டும் பார்க்க ஓலை வேண்டும். ஓலை இருக்கிறது என்பதற்காகப் பதிப்பும் தவிர்க்கப்படுவதில்லை, ஓலை என்றேனும் அழியும்.

பழைய குறியாக்கக் கோப்பினைத் திறக்கும் சூழலோடு மெய்நிகர் இயந்திரமாக வைத்தல் ஓலையைப் பேணுதலுக்கு ஒப்பு. அதன் உரையை ஒருங்குறிக்கு மாற்றி எளிய உரைக்கோப்பாக வெளியிடுதல் பதிப்புக்கு ஒப்பு. மாற்றத்தில் ஓர் எழுத்துப் பிறழ்ந்ததோ என்னும் ஐயம் எழுமிடத்து மூலச்சூழலில் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்குச் சான்று. திஸ்கியில் வழங்கிய உரைகளை அது பின்னர் ஒருங்குறிக்குக் கொணர்ந்தது. அவ்வுரைகள் இன்றும் பயன்படுவது எந்த இயந்திரத்தில் வைக்கப்பட்டன என்பதால் அன்று. எந்த இயந்திரத்திலும் படிக்கத்தக்க எளிய வடிவில் தரப்பட்டன என்பதால்.

எனவே மின்வளத் திட்டம் தொடங்கும் துறை, சேவை வழங்குநரிடம் நான்கினைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று. பெறுவது மெய்நிகர் இயந்திரமா, கொள்கலனா. தரவு எங்கே, எத்தனை படிகளாக உள்ளது. ஒப்பந்தம் முடியும்போது படிமத்தையும் தரவையும் எவ்வடிவில் திரும்பப் பெறலாம். திட்டப் பணியாளர் விலகிய பின் அதனை மீண்டும் நிறுவுதற்கான குறிப்பு எழுதப்பட்டுள்ளதா என்பன அவை. இறுதி வினா தொழில்நுட்பம் சார்ந்ததன்று எனத் தோன்றினும், மின்வளம் மீண்டும் எழுமா என்பது அக்குறிப்பையே பொறுத்தது.

முடிவுரை

மெய்நிகர் இயந்திரம் தனி உட்கருவைக் கொண்டது. ஆதலின் பழைய தமிழ் மென்பொருளையும் எழுத்துருவையும் அவற்றின் சூழலோடு காக்க வல்லது. கொள்கலன் உட்கருவைப் பகிர்வது. ஆதலின் எளிது, விரைவு, ஆய்வுக் கணக்கீட்டைப் பிறர் சரிபார்க்க ஏற்றது, ஆனால் பழைய இயங்குதளத்தைக் காக்க இயலாதது. இரண்டும் நிரல் இயங்கும் சூழலைக் காப்பனவேயன்றி உரையைக் காப்பன அல்ல. உரையைக் காப்பன ஒருங்குறி மாற்றமும், வேறிடத்துப் படியும், அவற்றைப் பேணும் ஆளும் ஆகிய மூன்றே. எழுத்துரு தொலைந்த பாமினிக் கோப்பு ஒன்று இன்று ஏதேனும் ஒரு துறையின் பேழையில் ஆங்கிலக் குறிகளின் குவியலாகக் கிடக்குமாயின், அது இன்னும் அழியவில்லை. அதனைத் திறக்கவல்ல சூழலை அமைக்கும் வழி இப்போது உண்டு. அவ்வட்டு படிக்கத்தக்கதாக இருக்கும் காலத்திற்குள் அது செய்யப்பட வேண்டும்.